மக்கள்தொகை 4,316

கடை வாகன நிறுத்தத்தின் நடுவில்
எங்கள் ஊர் முடிந்துவிடுகிறது.
காற்றடித்தால் தள்ளுவண்டிகள் உருண்டுபோய்
கிளீவ்லாந்துக்குக் குடிபெயரும்.

இரண்டு சதுர மைல்.
அதில் பாதி கல்லறை, கோல்ஃப் திடல்.
ரயில்பாதை போட்டவன்
மனைவி பெயரை வைத்தான்: லொரெட்டா.
அவள் ஒருநாளும் இங்கே இறங்கியதில்லை.
அதற்கு முந்தைய பெயரை
ஓடை வைத்திருக்கிறது;
ஆளுக்கொரு விதமாய் உச்சரிக்கிறோம்.

பச்சைப் பலகையில்
பத்தாண்டுக்கு ஒருமுறைதான் எண் மாறும்.
ஆகவே மார்ச்சில் இறந்த எமில் நோவாக்
கணக்கில் இருக்கிறார்.
அவர் வீட்டை வாங்கிய நாங்கள் மூவரும்
இன்னும் வந்து சேரவில்லை.

அவர் பெயருக்கு வரும் விதைப் பட்டியலை
நான்தான் பிரிக்கிறேன்.
வேலியோரம் ஈரம் நிற்கும் இடம்
அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.
இந்த வருஷம்
பீட்ரூட் போடலாமென்று இருக்கிறோம்,
அவரும் நானும்.