ஐம்பத்தேழு கிராம்

விதிமுறைத் தாளில் ஒன்பதாவது வரி:
பச்சை முட்டை ஒன்று பயணியாக ஏற வேண்டும்.
எடை ஐம்பத்தைந்துக்குக் குறையாமல், அறுபதைத் தாண்டாமல்.
இருநூற்றைம்பது மீட்டர் போய்
நாற்பத்தைந்து நொடியில்
கீறலில்லாமல் மண்ணுக்கு வர வேண்டும்.

மாரண்டஅள்ளியில் சத்துணவு முட்டைக்கு
அந்த எடை கிடையாது.
வேதியியல் ஆய்வகத் தராசில்
ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம்:
நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, நாற்பத்தைந்தரை.
"உடைஞ்சா யாருடீ கணக்கு சொல்றது?" என்று
பின்னாலேயே நின்றார் அமைப்பாளர் ராஜாமணி.
மூன்றாவது அட்டையில், எழுபத்தோராவதாக,
ஐம்பத்தேழு.
தஸ்லீமா அதை இரண்டு கையாலும் எடுத்தாள்,
காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்குவதுபோல.
பதிவேட்டில் ஏறியது:
பற்று, முட்டை ஒன்று, ராக்கெட்டுக்கு.

உடல், ஜவுளிக்கடையில் துணி சுற்றி வந்த அட்டைக்குழல்.
பாராசூட், கிழிந்த குடை.
இறக்கைகள், யாருடைய கல்யாணத்துக்கோ வைத்த தட்டி.
அறுத்து ஒட்டிய பிறகுதான் தெரிந்தது,
மூன்றில் ஒன்றில் மணப்பெண்ணின் காது,
ஜிமிக்கியோடு.
பெயிண்ட் அடித்து மறைத்தால் ஆறு கிராம் கூடும்.
இருக்கட்டும் என்றாள் முனிரத்னா,
கேட்டுக்கொண்டே போகட்டும்.

முட்டைக்கு மெத்தையாகப் பஞ்சு, தெர்மகோல்,
பொரி வரைக்கும் போட்டுப் பார்த்தோம்.
மொட்டைமாடியிலிருந்து விட்டதில்
பதினொன்று உடைந்தது. எல்லாம் சொந்தக் காசு.
கடைசியில் முனிரத்னா வீட்டிலிருந்து
பூச்சி துளைத்து வெளியேறிய பட்டுக்கூடுகள் வந்தன,
அங்காடியில் விலைபோகாதவை.
பன்னிரண்டாவது உடையவில்லை.

அப்பாவுக்குக் கல்குவாரியில் திரி வைக்கிற வேலை.
மூன்று விசில், பிறகு ஓட்டம்.
முட்டையைப் பற்றியோ உயரத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.
"பத்த வெச்சா எவ்ளோ தூரத்துல நிப்பீங்க?"
பதினைந்து மீட்டர் என்றேன்.
சோற்றைப் பிசைந்த கை நின்றது.
"பத்தாது."
அது வேறு மருந்துப்பா,
சீல் வைத்து அவர்களே தருவார்கள், நாங்கள் அழுத்துவது வெறும் பொத்தான்.
"பொத்தான்னாலும்."

பாலக்கோட்டுக்கு வெளியே வறண்ட ஏரி.
பத்தொன்பது பள்ளி.
ஓசூர்ப் பிள்ளைகளின் ராக்கெட்
ஷோரூமில் நிற்கிற கார்போல மின்னியது.
எங்கள் முறை வந்தது. மைக்கில் அஞ்சு, நாலு...
எனக்கு விசில்தான் கேட்டது.
விரல் பொத்தானில் இருக்க
கால்கள் தாமாகவே
அப்பாவின் தூரத்துக்கு ஓடப் பார்த்தன.
நின்றேன்.

சீறல். பிறகு
கழுத்து வலிக்க அண்ணாந்தும் ஒன்றுமில்லை.
எங்கோ ஒரு புள்ளி கறுப்புக் குடையாக விரிந்தது,
தொப்பூர்ப் பக்கத்துக் காற்று அதைப் பிடித்துக்கொண்டது.
ஐம்பத்திரண்டு நொடி.
மல்பெரித் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று
"புழுவுக்கு வெச்ச இலைம்மா, மிதிக்காதீங்க" என்று கத்த
ஓரமாகவே போய் எடுத்தோம்.

இருநூற்று முப்பத்தொரு மீட்டர். ஏழாவது இடம்.
நடுவர் டார்ச் அடித்து
முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கீறல் இல்லை.
சான்றிதழில் முனிரத்னாவுக்கு ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.

மறுநாள் பதிவேட்டில்: வரவு, முட்டை ஒன்று.
எங்களுக்கு வேண்டுமென்று கேட்க வாய் வரவில்லை.
பென்சிலில் போட்டிருந்த நட்சத்திரம்
கொதிநீரோடு போய்விட்டது.
இருநூற்றுப் பன்னிரண்டில் எது என்று
அண்டாவை எட்டிப் பார்த்தும் தெரியவில்லை.

சாப்பாட்டு வரிசையில் ஆறாம் வகுப்புக்காரி ஒருத்தி
திடீரென்று எழுந்து நின்றாள்:
"அக்கா, எனக்கு ரெண்டு கரு!"
தஸ்லீமா என்னைப் பார்த்தாள்.
ஐம்பத்தேழு அப்போதுதான் புரிந்தது.
இரண்டு பேரை ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.
சொல்லலாமா என்று நாங்கள் யோசிப்பதற்குள்
அவள் ஒன்றைத் தின்றுவிட்டு
மற்றதைப் பக்கத்துத் தட்டில் வைத்து
இன்னொரு கரண்டி சாதத்துக்குத்
தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.