பதினோரு பெட்டிகள்

முந்தின நாள் மாலையே
ஹில்க்காவுக்குத் தெரியும்.
மூன்றாம் மாடியின் பதினோரு அறைகளிலும்
டிஷ்யூ பெட்டி வைக்கச் சொன்னார்கள்.
கைக்கு எட்டவேண்டும்,
கதவிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது.

எஸ்போவில் இன்னும் விடியாத காலை ஒன்பது மணி.
பதினைந்து நிமிடம், தலைப்பு: ‘சிறு உரையாடல்’.
உள்ளே போனவர்களின் அடையாள அட்டை
பேசி முடிக்குமுன் செத்துவிட்டது.
மேல்கோட்டு எடுக்கக்கூடக் கதவு திறக்கவில்லை.
பனியில் ஸ்வெட்டரோடு நின்றார் யோர்மா,
இருபத்திரண்டு வருடம்.

சாயங்காலம் பெட்டிகளைத் திரும்ப எடுத்தாள்.
பத்தில்
ஒரு தாள்கூட உருவப்படவில்லை.
பதினோராவது காலி.
மேலாளர் உட்கார்ந்த பக்கக் குப்பைக்கூடையில்
ஈரத்தாள்களுக்கு அடியில்
அவர் வாசித்துக்காட்டிய காகிதம்.
‘இங்கே சற்று நிறுத்தவும்’
என்ற இடத்தில்
பேனா குத்திக் கிழிந்திருந்தது.