வெப்பம் எங்கே போகும்?

நார்வாவில் பனி.
மூன்றாம் கொதிகலன் இருமிவிட்டு அடங்குகிறது.
அழுத்தமானியில் ஒரு கண், மடிக்கணினியில் ஒரு கண்.
ஷிஃப்ட் முடிய இன்னும் நாலு மணி நேரம்.

நாங்கள் பதினோரு பேர்.
ஒருவர் முகம் ஒருவர் பார்த்ததில்லை.
ஆறு வருடமாக ஒரே போரை எழுதுகிறோம்,
ஆளுக்கொரு கப்பல், முறைக்கொரு பத்தி.
நிலவுகள் இரண்டு. சுங்கச்சாவடி ஒன்று.
சமாதானம் இதுவரை மொத்தம் எட்டு நாள்.

யார் எந்தக் கருவியைக் கற்பனை செய்தாலும்
முதலில் என்னிடம் வரவேண்டும்,
பதிவேட்டில் ஏறவேண்டும்.
ஏன் நான் என்றால்
குழாய் வெடித்து நேரில் பார்த்தவள்
எங்களில் நான் ஒருத்திதான்.

டுனெடினிலிருந்து ஃபெர்கஸ்:
"எதுவும் துளைக்காத கவசம். எடை கிடையாது. எரிபொருள் வேண்டாம்."
நான் கேட்டேன்:
வாங்குகிற அடியின் வெப்பம் எங்கே போகும்?
"கற்பனைதானே, மைரே."
கற்பனைக்கும் வேர்க்கும் என்றேன்.

ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தான்.
பிறகு திருத்தி அனுப்பினான், மூன்று பக்கம்.
படித்தேன், அல்லது படித்ததாக நினைத்தேன்.
கையெழுத்துப் போட்டேன்.

புன்தா அரேனாஸில் ஒசியேல்,
நண்டுப் படகுகளுக்கு மோட்டார் பார்க்கிறவன்.
அவன் கேட்டது ஒளிந்துகொள்ளும் கப்பல்.
குறை என்ன என்று நான் கேட்குமுன்பே எழுதியிருந்தான்:
"ஒளிந்திருக்கும்போது உள்ளேயும் இருட்டு.
மூன்று நிமிடம் தாண்டினால் ரப்பர் உறைந்து
இடது கதவு மூடாது.
யாராவது கையால் இழுத்துப் பிடிக்கணும்."
ஏன் இடது கதவு?
"என் படகில் அதுதான்."
அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று
இப்போது யாருக்கும் நினைவில்லை.
கதவைப் பிடித்து நின்ற சமையல்காரனை
எல்லாருக்கும் நினைவிருக்கிறது.
அதுவரை அவனுக்குப் பெயரே இல்லை.
பெயர் வைக்க மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள்.

சரி. என் கதைக்கு வருகிறேன்.

மார்ச் மாதம். இரவு இரண்டு மணி.
என் கப்பலைச் சுற்றி ஃபெர்கஸின் படை.
நாற்பத்தொரு பேர் உள்ளே,
ஒவ்வொருவருக்கும் நான் வைத்த பெயர்,
ஒருத்திக்கு நான் கொடுத்த பல்வலி.
எழுதினேன்:
"கீழ்த்தளத்தில் உபரி இயந்திரம் உறுமியது."

அப்படி ஓர் இயந்திரம் பதிவேட்டில் இல்லை.
பதிவேடே நான்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?
முழுப் பூசணிக்காய்.
மேலே ஒரு பிடி சோறு.

காலையில் பேருந்தில், கையுறையைப் பல்லால் கழற்றித் திறந்தால்
அவனிடமிருந்து ஒரே வரி:
"வெப்பம் எங்கே போகும், மைரே?"

பழைய இயந்திரம், பதிய மறந்துவிட்டேன் என்று தட்டினேன்.
அழித்தேன்.
அது சின்னது, ஒருமுறைதான் ஓடும் என்று தட்டினேன்.
அதையும் அழித்தேன்.
இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.
பனியில் நின்று எழுதினேன்:
"உறுமல் இல்லை. இரும்பு குளிர்கிற சத்தம்.
கீழ்த்தளம் காலி."

நாலு நாள் அவன் எதுவும் எழுதவில்லை.
நாற்பத்தொரு பேரும் என்னோடு சாப்பிட்டார்கள், என்னோடு தூங்கவில்லை.

ஐந்தாம் நாள்:
"என் கவசம் ஆறு அடி வாங்கியாயிற்று.
நீ எண்ணவே இல்லையா?"

பதிவேட்டைத் திறந்தேன்.
மூன்றாம் பக்கம், என் கையெழுத்துக்கு ஒரு விரற்கடை மேலே:
ஆறாவது அடிக்குப் பின் வெப்பத்தை வெளியே கொட்டவேண்டும்,
கொட்டும்போது இருபது எண்ணும்வரை
கப்பலுக்குக் கண் தெரியாது.

நான் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதில்.
வாசல் அங்கேயே திறந்து கிடந்திருக்கிறது,
நான் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னால் வால்வு திறந்து
மூன்றாம் கொதிகலன் நீண்ட மூச்சு விடுகிறது.
ஜன்னல் முழுக்க வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை.
இன்றைக்கு என் முறை.
ஒன்று, இரண்டு என்று
எண்ணிக்கொண்டே தட்டுகிறேன்.