காலை எடுத்தால் நின்றுவிடும்

அறுபதில் தொடங்கும்.
எண்பதில் முடியும்.
இடையில், மார்க்கம் ரோட்டிலிருந்து
நானூற்றியொன்றுக்கு ஏறும் வளைவில்
கார் தலையை இடமும் வலமும் ஆட்டும்,
மருந்து குடிக்கமாட்டேன் என்கிற பிள்ளை மாதிரி.
காலை எடுத்தால் நின்றுவிடும்.

இதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன்.
இதை மட்டும் ஒருவரும் காதில் போடவில்லை.

ரயர் கடையில் நாலு சில்லையும் கழற்றிச் சுழற்றி
விளிம்பில் ஈயக்கட்டி ஒட்டி
நூற்றிருபது டொலர் வாங்கினார்கள்.
அன்றிரவும் உதறியது,
கொஞ்சம் நேர்த்தியாக.

கென்னடி ரோட்டுக்காரர் பொனற்றைத் திறக்கவேயில்லை.
"கியர்பொக்ஸ், அக்கா. மூவாயிரத்து இருநூறு."
செத்தவீட்டுக்கு வந்தவர் போல
என் கையைப் பிடிக்காத குறை.

வீட்டில் இவர்
தேத்தண்ணியை ஊதி ஊதிச் சொன்னார்:
"காருக்கு ஒண்டுமில்லை.
உதறல் உனக்குத்தான்."

அதைக் கொஞ்ச நாள் நம்பியும் விட்டேன்.
பெருந்தெருவை விட்டுவிட்டு
விடியப்புறம் நாலு மணிக்கு
எல்ஸ்மியர் நீளத்துக்கு ஐம்பதில் ஊர்ந்தேன்.
ஆளில்லாத சந்திகள்.
ஒவ்வொரு சிவப்பு விளக்கும்
என்னை மட்டும் நிறுத்தி விசாரித்தது.
பிக்கரிங் பேக்கரியில்
மா எனக்கு முன்னமே பொங்கியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை, இடைவேளையில்,
பணிஸ் கணக்குத் தாளின் பின்பக்கம் எழுதினேன்.

மேட்டில் கூடும். இறக்கத்தில் இல்லை.
பிரேக் பிடித்தால் இல்லை.
நியூற்றலில் வைத்து எவ்வளவு உறுமவிட்டாலும் இல்லை.
எஞ்சின் விளக்கு எரியவில்லை.
சுகிர்தாவையும் அவளுடைய தங்கச்சிமாரையும்
ஏற்றினால் பயங்கரம்.
காலை எடுத்தால் நின்றுவிடும்.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

போறணையின் பெல்ற் திருத்த வந்த யூட் நிர்மலதாஸ்
அதை இரண்டு தரம் வாசித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
மாப்பெட்டி மட்டையை ஈரத் தரையில் விரித்து
மல்லாந்து காருக்குக் கீழே போனான்.
கைபேசி வெளிச்சம் அங்கும் இங்கும் அலைந்தது.
பிறகு அச்சுத்தண்டைப் பிடித்து ஆட்டிய சத்தம்:
டொக்.
இன்னொருக்கா, எனக்குக் கேட்கட்டும் என்று:
டொக்.

உள்மூட்டின் றப்பர் உறை கிழிந்து
கறுப்புக் கிறீஸ் சுற்றுவட்டாரமெல்லாம் தெறித்திருந்தது.
இத்தனை பேர் பார்த்த காரில்
ஒருவரும் குனியவில்லை.

ஞாயிறு, மோல்வெர்னில், அவனுடைய வீட்டு வாசலில்.
நவம்பர். விரல் நுனிகள் செத்துப்போயின.
ஒன்பது மாரியின் உப்பைக் குடித்த நட்
அசையமாட்டேன் என்றது.
சாவிப்பிடியில் நீளக் குழாய் ஒன்றைச் செருகினான்.
போதவில்லை.
நான் குழாயின்மேல் ஏறி நின்றேன்.
டொக்டர் குறைக்கச் சொன்ன
எழுபத்தொரு கிலோவும்
அன்றைக்குத்தான் ஒன்றுக்கு உதவியது.
துவக்கு வெடித்தமாதிரி ஒரு சத்தம்.
பக்கத்து வீட்டு யன்னல் திறந்து மூடியது.

தண்டை உருவியபோது
சிவப்பு எண்ணெய் கொஞ்சம் சட்டியில் வடிந்தது.
பழைய மூட்டைத் துடைத்து என் கையில் தந்தான்.
ஒரு இரும்புக் கிண்ணம்.
உள்ளே மூன்று உருளைகள் ஓடும் தடம்.
நகத்தால் தடவினேன்.
ஓரிடத்தில் நகம் இடறியது.

அவ்வளவுதான்.
ஒரு நகம் இடறுகிற பள்ளம்.

புது அச்சு நூற்றி நாற்பத்தைந்து.
கூலியாக ஒரு பெட்டி மாலு பணிஸ்,
உறைப்புக் கூட்டி.

திங்கள் விடிய நாலரை.
வளைவில் ஏறி மிதித்தேன்.
ஐம்பத்தைந்து. அறுபது.
பல்லைக் கடித்தபடி எழுபது.
தொண்ணூறில்தான் கண்டேன்,
தோள் இரண்டையும்
காதுவரை தூக்கி வைத்திருக்கிறேன் என்று.
இறக்கினேன்.

அப்போதுதான் கேட்டது,
டாஷ்போட்டுக்குள் எங்கேயோ
ஒரு கிலுகிலு.
எவ்வளவு காலமாய்க் கிலுங்கியதோ.
பழக்கதோசத்தில் காலை எடுத்துப் பார்த்தேன்.

நிற்கவில்லை.

சரி. அப்ப இது வேற வருத்தம்.