ஒருவழி

கோத்தகிரி, காலை ஏழு. பித்தளை ஜில்லிட்டு
விரலைப் பிடித்துக்கொள்கிறது.
கேஜை மாட்டி, இருபக்கமும் அடைக்கிறேன்.
முள் நடுங்குகிறது, நிற்கிறது,
பிறகு யாரும் கேட்காமலே
இறங்குகிறது.

"போன வருஷம் பாஸ்தானே, பிலோமி?" என்கிறார் போஜன்.
அவர் கேரட் தோட்டத்து ஹோஸ்
மருந்து டிரம்முக்குள் தலைகுப்புறக் கிடக்கிறது.

கீழே கடைவீதியில் மெயின் உடைந்தால் போதும்,
மேட்டுத் தண்ணீர் வந்த வழியே நடக்கும்,
டிரம்மையும் கூட்டிக்கொண்டு
டீக்கடை பாய்லர் வரைக்கும்.

மூடியைக் கழற்றினேன். ரப்பர் வளையத்தில்
ஒரு மணல் பருக்கை. கடுகில் பாதி.
துடைத்து மாட்டினேன். முள் நின்றது.

பதிவேட்டில் தேதி, சீரியல் எண், அழுத்தம்.
குறிப்பு என்ற கட்டத்தில்
முதலில் இறங்கியதையும் எழுதினேன்.
போஜன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போய் ஹோஸை வெளியே இழுத்துப் போட்டார்,
என் பக்கம் திரும்பாமல்.