ஈரக் கை

என் வேலை முகங்களைப் பெரிதாக்குவது.
மேடையில் பாடகி விரற்கடை உயரம்,
என் சுவரில் நாற்பது அடி.
அவள் கண் சிமிட்டினால்
இரண்டு இமைக்கும் நடுவே லாரி போகலாம்.

போன வாரம் சாகிர் மணல்வெளியில்
பதினாறாயிரம் பேர்.
தூக்கிப் பிடித்த போன் அத்தனையும்
என் சுவரைத்தான் எடுத்தன.
இடது கன்னத்தில் ஒரு கட்டம் செத்துப்போயிருந்தது,
தீப்பெட்டி அளவு கறுப்பு.
மறுநாள் அதை மச்சம் என்று
கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

குதைபியாவில், கார்கோ கடைக்கு மேலே
நான்காம் மாடி. லிஃப்ட் ஓடாது.
ரெஜினாள் நாடகம் போடுகிறாள் என்று
ஜெபக்குமார் இழுத்துப்போனான்.
பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
வாசலிலேயே போன்களை வாங்கி
ரைஸ் குக்கருக்குள் போட்டு மூடினாள்.
பதினொரு பேர், பதினொரு போன்.
உள்ளே ஏதோ ஒன்று மட்டும்
இன்னும் வேகாததுபோல் அதிர்ந்துகொண்டிருந்தது.

கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தார்கள்.
ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் பாதிதான்.
லைட்டிங்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

கதை இவ்வளவுதான்:
பேர் தெரியாத ஒருவன் செத்துவிட்டான்,
கேட்டு ஒருவரும் வரவில்லை,
பெட்டியில் வைக்குமுன் ஒருத்தி அவனைக் கழுவுகிறாள்.
பிணத்துக்கு ஆள் வைத்திருக்கவில்லை.
சுற்றிப் பார்த்தாள்.
என் கையை எடுத்துக்கொண்டாள்.

பிளாஸ்டிக் பேசின், சொம்பு.
ஒவ்வொரு விரலாக.
கேபிள் இழுத்துக் காய்த்த இடத்தில்
கொஞ்சம் தயங்கி, மேலே போனாள்.
நாற்பது அடி முகம் எதிலும் காணாததைப் பார்த்தேன்:
காதுக்குப் பின்னால் மாஸ்க் கயிறு அறுத்த தழும்பு.
ஒரு முழத்தில் மூச்சு.
அதில் மத்தியானம் தின்ற வெங்காயம்.

"உன் பேரு என்னன்னு..."
நின்றுவிட்டாள்.
ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது.
ஃப்ரிட்ஜும் நின்றது.
என் கை அவள் கையில், சொட்டிக்கொண்டு.
எங்கள் தொழிலில் இரண்டு நொடி கறுத்தால்
காதில் மாட்டிய வயர் வழியே
மூன்று பாஷையில் வசவு வரும்.
இங்கே யாரோ எச்சில் விழுங்கினார்கள், அவ்வளவுதான்.

"மறந்துட்டேன்" என்றாள்
எனக்கு மட்டும் கேட்கும்படி.
வசனமா, நிஜமா?
செத்தவன் எப்படிக் கேட்பது?
விரலை லேசாக மடக்கினேன்.
அவள் அழுதாள்.
பிறகு என் கையை என் மடியில்
நிரம்பிய டம்ளரை வைப்பதுபோல் வைத்தாள்.

ரூமுக்கு வந்ததும் கோமதிக்கனி அழைத்தாள்.
கல்யாணமாகி எட்டு வருஷம்.
அதில் உடம்போடு இருந்தது பதினேழு மாதம்,
மிச்சமெல்லாம் கண்ணாடிக்குள்.
"வீடியோ எடுத்தீங்களா?"
"போனு குக்கருக்குள்ள கெடந்துச்சு."
"அப்ப எனக்கு என்னத்தக் காட்டுவீங்க?"

கையைக் காட்டினேன்.
உற்றுப் பார்த்தாள். நெட் இழுத்தது.
என் கை என்று அவள் எதைப் பார்த்தாளோ,
சதுரம் சதுரமாக.
செத்த சதுரத்தைக் கழற்றி
வேறு மாட்டத் தெரிந்தவன் நான்.
சும்மா நீட்டிக்கொண்டிருந்தேன்.

"கேமராவ அமத்திட்டுச் சொல்லுங்க" என்றாள்.
அமத்தினேன்.
இருட்டில் முதலிலிருந்து சொன்னேன்,
படி ஏறியதிலிருந்து.
"சுடுதண்ணியா?"
"வெதுவெதுன்னு."
"எந்தக் கை?"
"வலது."
"என்ன சோப்பு?"
"சோப்பெல்லாம் இல்ல."
சத்தமில்லை.
கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்,
நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.
"தொடச்சி விட்டாளா?"
"இல்ல."
"ஈரக் கையோடவா பஸ்ஸுல வந்தீங்க?"
"ஆமா."

கம்பியை இடது கையால் பிடித்து வந்ததை மட்டும்
சொல்லவில்லை.