நாற்பத்தாறு

பைன் கொட்டை விற்பவள்
வாங்க வருகிறவர் கண்ணெதிரே
ஒன்றைக் கடித்துக் காட்ட வேண்டும்.
பிளாகோவேஷ்சென்ஸ்க் சந்தையில் அதுதான் தராசுக்கு முந்தைய தராசு.
டக்கென்று கேட்டால் புதுசு,
நமுத்த சத்தம் வந்தால் போன வருஷத்து மூட்டை.
அக்டோபர் கடைசியில் ஒரு டக் கேட்டது.
கொட்டை முழுசாக இருந்தது.

வேர் நெடுக்காகப் பிளந்திருக்கிறது என்றார் மருத்துவர்.
பிடுங்கிவிட்டு அட்டையில் எழுதினார்: நாற்பத்தாறு.
ஐம்பத்தெட்டு வருஷம் என் வாயில் இருந்ததற்கு
ஒரு எண் இருந்தது
அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

விலைத்தாளை உணவகத்து மெனு மாதிரி நீட்டினாள் வரவேற்பில் இருந்த பெண்.
உலோகம். உலோகத்தின் மேல் பீங்கான். சிர்கோனியா.
எங்கள் மொழியில் அதற்குச் சின்னக் கிரீடம் என்று பெயர்.
கிரீடம் விலை கேட்ட ராணியின்
பர்ஸுக்கு ஜிப் கிடையாது, ஊக்குதான்.

பாலம் என்றால் மூன்று கிரீடம் அம்மா, என்றாள்.
நாற்பத்தைந்துக்கு ஒன்று, நாற்பத்தேழுக்கு ஒன்று,
நடுவில் இல்லாததற்கு ஒன்று.
மூன்று பதினெட்டு, ஐம்பத்து நாலாயிரம் ரூபிள்.
இல்லாத பல்லுக்கும் இருக்கிற பல்லுக்கும் ஒரே விலையா?
கேட்கவில்லை. கேட்டிருந்தால்
ஓட்டை வழியாக 'ஸ்' ஓடியிருக்கும்.

இக்கரைக்கு அக்கரை பாதி விலை
என்றாள் மீன் கடை கிளாஃபிரா,
தன் மேல்வரிசை முழுவதையும் காட்டி.
ஆமூர் அப்போது உறையவும் இல்லை, ஓடவும் இல்லை.
காற்றுமெத்தைப் படகு பனிக்கட்டிகள் மேல் குலுங்கிப் போனது.
எதிர் வரிசையில் ஏழு பேர்,
நாலு பேர் கன்னத்தில் கை வைத்திருந்தார்கள்.

ஹெய்ஹேயில் மருத்துவர் பியன்
ருஷ்யனை நோயாளிகளின் வாயிலிருந்து கற்றவர்:
திற, துப்பு, வலிக்குதா, தள்ளுபடி.
மற்றதைக் காகிதத்தில் வரைந்தார்.
பாலத்தை வரைந்தபோது
இரண்டு பக்கத்துப் பற்களையும் பென்சில் முனை மாதிரி சீவி வரைந்தார்.
ஒரு சொத்தை இல்லை, ஒரு அடைப்பு இல்லை அவற்றில்.
அக்கம்பக்கத்தில் இருந்ததைத் தவிர
என்ன தப்பு செய்தன?

அடுத்தது எலும்பில் ஒரு திருகு, அதன் மேல் ஒற்றைக் கிரீடம்.
நாலு மாசம் இடைவெளி. பக்கத்தைத் தொடாது.
ஒன்றும் செய்யாமல் விட்டால்?
இரண்டு விரலைச் சாய்த்துக் காட்டினார்:
பக்கத்தில் உள்ளவை சரியும்.
மேலே உள்ளது மெதுவாக இறங்கும்,
எதிரே ஆள் இல்லையே.

என்னிடம் ஒரே கேள்விதான் இருந்தது.
பையிலிருந்து கொட்டையை எடுத்து
அவர் மேசையில் வைத்தேன்.
பாலத்தைக் காட்டினேன். தலையை ஆட்டினார், கூடாது.
திருகை. கூடாது.
சிர்கோனியாவை, அதுதானே வைரம் மாதிரி என்றார்கள்?
சிரித்துவிட்டார்.
உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார், அவளும் சிரித்தாள்.
பிறகு கொட்டையைத் தன் மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

வாசலுக்கு எதிர்க் கடையில்
பதினெட்டு யுவானுக்கு ஒரு இரும்புக் கொட்டையுடைப்பான் வாங்கினேன்.
அந்த நாளின் மலிவான சிகிச்சை அதுதான்.

திரும்பும் படகில் கணக்குப் போட்டேன், சிகரெட் அட்டையின் பின்புறம்.
கிலோவுக்கு என் லாபம் இருநூறு.
பாலமும் இரண்டு பயணமும்: நூற்று எண்பத்தைந்து கிலோ.
திருகும் இரண்டு பயணமும்: இருநூற்றுப் பத்து.
வித்தியாசம் இருபத்தைந்து கிலோ.
ஒரு மூட்டைகூட இல்லை
சீவப்படாத இரண்டு பற்கள்.

இரும்பால் உடைத்தால் நம்பமாட்டேன் என்கிறார்
ரயில்வே தொப்பி போட்டவர்.
எல்லாக் கொட்டையும் இரும்புக்கு ஒரே சத்தம்தானாம்.
சரி, நீங்களே கடியுங்கள் என்று நீட்டினேன்.
கையில் வாங்கினார், உருட்டிப் பார்த்தார்,
அரைக் கிலோ போடச் சொன்னார்.

இன்று நாலு கிலோ போனது.
இருநூற்று ஆறு பாக்கி.